ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்: செய்தியாளர்களும் ஆலோசகர்களும்

அமெரிக்காவின் 32-ஆவது அதிபர் ஃபிராங்க்ளின் டெலனோ ரூஸ்வெல்ட். 1933 மார்ச் 4 முதல் 1945 ஏப்ரல் 12-இல் இறக்கும் வரை பதவியில் இருந்தார். நான்கு முறை அதிபராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஒரே அமெரிக்கர் அவர்தான். பொருளாதார மந்தம், புதிய உடன்பாடு எனப்படும் நிவாரணத் திட்டங்கள், இரண்டாம் உலகப்போர் ஆகியவற்றை நம் பாடநூல்கள் விளக்குகின்றன. ஆனால் அந்த முடிவுகள் எந்த அறையில், யாருடன் பேசி எடுக்கப்பட்டன, நாட்டு மக்களுக்கு எந்த வழியாகச் சொல்லப்பட்டன என்பதைப் பாடநூல்கள் பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. செய்தியாளர்கள், ஆலோசகர்கள், நெருங்கிய உதவியாளர்கள் ஆகியோருடன் ரூஸ்வெல்ட் நாள்தோறும் எப்படி நடந்துகொண்டார் என்பதையும், அதனால் விளைந்த நன்மை தீமைகளையும் இக்கட்டுரை கூறுகிறது.

பதவியேற்ற சூழல்

ரூஸ்வெல்ட் பதவியேற்ற நாளில் அமெரிக்கத் தொழிலாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு வேலை இல்லை. பல மாநிலங்களில் வங்கிகள் கதவடைத்திருந்தன. முந்தைய அதிபர் ஹெர்பர்ட் ஹூவருக்கும் பத்திரிகைகளுக்கும் உறவு கசந்திருந்தது. செய்தியாளர்கள் கேள்விகளை முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். அவற்றுள் தமக்கு விருப்பமானவற்றுக்கு மட்டும் அதிபர் விடை சொல்வார். மந்தம் முற்றிய காலத்தில் சந்திப்புகளும் அருகிப்போயின. நாட்டின் நிலை பற்றி மக்கள் கேட்க விரும்பிய கேள்விகளுக்கு வெள்ளை மாளிகையிலிருந்து விடை வராத நிலை உருவானது.

ரூஸ்வெல்ட் இந்த முறையை முதல் வாரத்திலேயே மாற்றினார். 1933 மார்ச் 8-ஆம் நாள் தமது முதல் செய்தியாளர் சந்திப்பை அலுவலகத்திலேயே நடத்தினார். நூற்றுக்கும் மேற்பட்டோர் மேசையைச் சுற்றி நின்றார்கள். எழுத்து மூலக் கேள்விகள் இனித் தேவையில்லை என்று அறிவித்தார். நான்கு நாள் கழித்து, மார்ச் 12 ஞாயிறு இரவு, வானொலியில் நேரடியாக மக்களிடம் பேசி வங்கிகள் ஏன் மூடப்பட்டன, எப்படித் திறக்கப்படும் என்று எளிய மொழியில் விளக்கினார். மறுநாள் வங்கிகள் திறக்கத் தொடங்கியபோது, பணத்தை எடுக்க ஓடிவந்தவர்களைவிடத் திரும்பப் போட வந்தவர்களே மிகுந்திருந்தனர். கணப்படுப்பு உரைகள் என்று பெயர்பெற்ற அந்த வானொலிப் பேச்சுகள் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பதுதான். செய்தியாளர் சந்திப்புகளோ ஏறத்தாழ ஆயிரம். மாதத்திற்கு ஏழு என்ற கணக்கு வருகிறது.

ஒரு நாளின் ஒழுங்கு

1921-இல், 39-ஆம் வயதில், ரூஸ்வெல்டை இளம்பிள்ளை வாதம் தாக்கியது. அதன்பின் அவரால் துணையின்றி நடக்க முடியவில்லை. அவரது அன்றாட ஒழுங்கு இந்த உடல்நிலையைச் சார்ந்தே அமைந்தது. காலையில் படுக்கையிலேயே சிற்றுண்டி அருந்தியபடி பல நாளிதழ்களைப் புரட்டுவார். தம்மை ஆதரிக்கும் இதழ்களை மட்டுமல்லாமல், கடுமையாக எதிர்க்கும் இதழ்களையும் படிப்பார். அந்நேரத்திலேயே நெருங்கிய உதவியாளர்கள் படுக்கையறைக்கு வந்து அன்றைய பணிகளைப் பேசுவர். பிறகு சக்கர நாற்காலியில் அலுவலகம் செல்வார். அங்கே பார்வையாளர்கள் அடுத்தடுத்து வருவர். மதிய உணவு பெரும்பாலும் அலுவலக மேசையிலேயே. அதுவும் யாரேனும் ஒருவருடன் பேசிக்கொண்டே. மாலையில் கடிதங்கள், கையெழுத்துகள். அதன்பின் சிறிது நேரம் அரசியல் பேசாமல் நண்பர்களுடன் இருப்பார். இரவில் தபால்தலைத் தொகுப்பைப் பார்ப்பதும் உண்டு.

நடந்து போய் மனிதர்களைச் சந்திக்க முடியாதவருக்கு, மனிதர்கள் தம்மிடம் வந்துகொண்டே இருப்பது தேவையாயிற்று. வருபவர்களிடமிருந்து செய்தி அறிவதே அவருடைய வழி. மனைவி எலினார் நாடெங்கும் பயணம் செய்து சுரங்கங்களையும் சேரிகளையும் நேரில் பார்த்துவந்து அவரிடம் சொல்வார்.

செய்தியாளர் சந்திப்பின் விதிகள்

சந்திப்புகள் வாரம் இருமுறை நடந்தன. ஒன்று காலையில், மற்றொன்று பிற்பகலில். காரணம் எளிது. அக்காலத்தில் அமெரிக்க நகரங்களில் காலை இதழ்களும் மாலை இதழ்களும் தனித்தனியே வெளிவந்தன. ஒரே நேரத்தில் சந்தித்தால் ஒரு சாராருக்கே செய்தி முதலில் கிடைக்கும். இரு நேரமும் வைத்தால் இரு சாராருக்கும் சம வாய்ப்பு.

முதல் நாளிலேயே அவர் விதிகளையும் சொல்லிவிட்டார். தம் பேச்சை நான்கு வகையாகப் பிரித்தார்.

முதலாவது, நேரடி மேற்கோள். அதிபரின் சொற்களை மேற்கோள் குறிக்குள் அப்படியே வெளியிட, அவருடைய செயலர் ஸ்டீபன் எர்லியிடமிருந்து எழுத்து மூல அனுமதி வேண்டும்.

இரண்டாவது, அதிபர் சொன்னதாக எழுதலாம். ஆனால் அவருடைய சொற்களை அப்படியே தரக்கூடாது.

மூன்றாவது, பின்னணித் தகவல். செய்தியைப் பயன்படுத்தலாம்; ஆனால் வெள்ளை மாளிகையிலிருந்து வந்தது என்று காட்டக்கூடாது.

நான்காவது, வெளியிடவே கூடாத பேச்சு. அந்த அறையில் இருப்பவர்களின் புரிதலுக்காக மட்டும். வராத சக செய்தியாளரிடம்கூட அதைச் சொல்லக்கூடாது.

இவ்விதிகளை மாணவர்கள் நிதானமாக ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும். செய்தியாளர்களுக்கு இவை பெரும் பேறாகத் தோன்றின. அதுவரை கிடைக்காத செய்திகள் கிடைத்தன. நாட்டின் தலைவரே தம்மை நம்பிப் பேசுகிறார் என்ற நிறைவும் கிடைத்தது. அதேசமயம் எது வெளிவரும், எது வெளிவராது, எந்தச் சொல் யார் பெயரில் வரும் என்ற முடிவு முழுவதும் ஒருவரிடமே இருந்தது. ஒரு யோசனையைப் பின்னணித் தகவலாகச் சொல்லிப் பார்க்கலாம். மக்கள் எதிர்த்தால், அது தம்முடையது என்று யாருக்கும் தெரியாமலே கைவிடலாம்.

இரண்டு எடுத்துக்காட்டுகள்

1935 மே 27-இல், தொழில்துறை மீட்புச் சட்டம் செல்லாது என உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நியூயார்க்கின் கோழி வணிக நிறுவனம் ஒன்று தொடர்பான வழக்கு அது. நான்கு நாள் கழித்து, மே 31-இல், ரூஸ்வெல்ட் செய்தியாளர்களிடம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் அத்தீர்ப்பைப் பற்றிப் பேசினார். மாநிலங்களுக்கிடையிலான வணிகத்தைப் பற்றி நீதிமன்றம் கொண்டிருக்கும் கருத்து குதிரை வண்டிக் காலத்தது என்றார். அந்தச் சொற்றொடரை நேரடியாக வெளியிட அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. மறுநாள் நாடெங்கும் குதிரை வண்டியே தலைப்பாயிற்று. நீண்ட பேச்சில் எந்தச் சில சொற்கள் மக்களைச் சென்றடைய வேண்டும் என்பதை அனுமதி விதி எவ்வாறு தீர்மானித்தது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது எடுத்துக்காட்டு 1940 டிசம்பர் 17. ஜெர்மனியை எதிர்த்துப் போரிட்டுக்கொண்டிருந்த பிரிட்டனிடம் ஆயுதம் வாங்க டாலர் தீர்ந்துகொண்டிருந்தது. கரிபியன் கடலில் போர்க்கப்பல் பயணத்தில் இருந்தபோது சர்ச்சிலின் நீண்ட கடிதம் ரூஸ்வெல்டுக்கு வந்து சேர்ந்தது. திரும்பியதும் செய்தியாளர்களைச் சந்தித்து ஓர் உவமை சொன்னார். பக்கத்து வீடு தீப்பற்றி எரிகிறது. நம்மிடம் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் குழாய் இருக்கிறது. அதன் விலை பதினைந்து டாலர், முதலில் காசைக் கொடு என்று யாரும் பேரம் பேசமாட்டார்கள். தீ அணைந்ததும் குழாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும் என்பார்கள். போரில் தலையிடக்கூடாது என்ற எண்ணம் வலுவாக இருந்த நாட்டில், இந்த உவமை சிக்கலான ஒரு கொள்கையைச் சமையலறைப் பேச்சாக்கியது. கடன்-குத்தகைச் சட்டம் 1941 மார்ச் 11-இல் கையெழுத்தாயிற்று.

பத்திரிகை முதலாளிகளும் செய்தியாளர்களும்

ரூஸ்வெல்டைப் பற்றிப் பேசும்போது பத்திரிகை உரிமையாளர்களையும் களத்தில் பணியாற்றிய செய்தியாளர்களையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 1936 தேர்தலில் நாளிதழ்களின் தலையங்கங்களில் பெரும்பான்மை அவருக்கு எதிராகவே இருந்தன. இருந்தும் 48 மாநிலங்களில் 46-ஐ வென்றார். தலையங்கம் முதலாளியுடையது, முதல் பக்கச் செய்தி செய்தியாளருடையது என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். எனவே வாரம் இருமுறை செய்தியாளருக்கு எழுதச் செய்தி கொடுத்தார், அவர்களைப் பெயர் சொல்லி அழைத்தார், நகைச்சுவையாகப் பேசினார்.

அந்த நகைச்சுவைக்குக் கூர்மையும் உண்டு. பிடிக்காத கேள்வி கேட்ட ஒரு செய்தியாளரிடம், மக்குத் தொப்பியைப் போட்டுக்கொண்டு மூலையில் நில் என்றார். மேலைநாட்டுப் பள்ளிகளில் பழங்காலத்தில் இருந்த தண்டனை அது. 1942 டிசம்பரில், தம்மை எதிர்த்து எழுதிவந்த ஒரு பத்தி எழுத்தாளருக்குக் கொடுக்கச் சொல்லி, ஜெர்மானியப் படைப் பதக்கமான இரும்புச் சிலுவையைச் சந்திப்பிலேயே மற்றொருவரிடம் நீட்டினார். போர்க்காலத்தில் ஒருவரை எதிரிக்கு உதவுபவர் என்று சுட்டுவது சாதாரணக் கேலியாகாது. ஆசிரியர் ஒருவரைக் கேலி செய்தால் வகுப்பின் மற்றவர்கள் அடுத்த கேள்வியைக் கேட்கத் தயங்குவார்கள் என்பது பள்ளியில் பணியாற்றிய எவருக்கும் தெரியும்.

யாருக்குக் கதவு திறந்தது?

எலினார் ரூஸ்வெல்ட் தம் கணவருக்கு இரண்டு நாள் முன்பே, 1933 மார்ச் 6-இல், தனியே ஒரு செய்தியாளர் சந்திப்பை நடத்தினார். அதில் பெண் செய்தியாளர்களுக்கு மட்டுமே இடம். வெள்ளை மாளிகைச் செய்தி வேண்டுமானால் பத்திரிகைகள் ஒரு பெண்ணையாவது பணியில் வைத்திருக்க வேண்டிய நிலை வந்தது. மந்தத்தால் ஆட்குறைப்பு நடந்துகொண்டிருந்த காலத்தில் இது பலருடைய வேலையைக் காத்தது.

கறுப்பினச் செய்தியாளர்களுக்கோ கதவு நெடுங்காலம் மூடியே இருந்தது. கறுப்பின மக்களின் பத்திரிகைகள் தொடர்ந்து கோரிய பிறகு, 1944 பிப்ரவரி 8-இல்தான் ஹாரி மெக்கால்பின் என்ற கறுப்பினச் செய்தியாளர் அதிபரின் சந்திப்பில் கலந்துகொண்டார். ரூஸ்வெல்ட் அவருக்குக் கைகொடுத்து வரவேற்றார். வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கமோ அவரை உறுப்பினராக ஏற்கவில்லை. பதினோரு ஆண்டுகளாக நடந்த, வெளிப்படையானது என்று புகழப்பட்ட ஒரு சந்திப்பில் நாட்டு மக்களில் ஒரு பெரும் பகுதியினரின் பத்திரிகைகளுக்கு இடமே இல்லாதிருந்தது என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

ஆலோசகர்களும் உதவியாளர்களும்

ரூஸ்வெல்டின் அரசியல் வாழ்வைத் தொடக்கம் முதல் வடிவமைத்தவர் லூயிஸ் ஹவ் என்னும் முன்னாள் செய்தியாளர். தலைவரிடம் முகத்துக்கு நேரே மாட்டேன், கூடாது என்று சொல்லக்கூடியவர் அவர். 1936 ஏப்ரலில் அவர் இறந்தார். செயலர் மிஸ்ஸி லிஹேண்ட் வெள்ளை மாளிகையிலேயே தங்கிப் பணியாற்றினார். யார் அதிபரைப் பார்க்கலாம், எந்தக் கடிதம் எப்போது மேசைக்குப் போக வேண்டும் என்பதில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1941-இல் பக்கவாதம் தாக்கியபின் அவரால் பணிக்குத் திரும்ப முடியவில்லை.

கொள்கை வகுக்க, கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர்களான ரேமண்ட் மோலி, ரெக்ஸ்ஃபோர்டு டக்வெல், அடால்ஃப் பெர்லி ஆகியோர் 1932 தேர்தல் காலத்திலேயே கூடினர். இவர்களை அறிஞர் குழு என்று பத்திரிகைகள் அழைத்தன. அமைச்சரவையில் தொழிலாளர் துறையை ஏற்ற பிரான்சிஸ் பெர்கின்ஸ், அமெரிக்க அமைச்சரவையில் இடம்பெற்ற முதல் பெண். போர்க்காலத்தில் மிக நெருங்கியவர் ஹாரி ஹாப்கின்ஸ். 1940 மே மாதம் ஓர் இரவு விருந்துக்கு வந்தவர், உடல்நலமின்றி அங்கேயே தங்கி, மூன்றாண்டுகளுக்கும் மேல் வெள்ளை மாளிகையில் வசித்தார். 1941-இல் சர்ச்சிலையும் ஸ்டாலினையும் அதிபரின் சார்பில் முதலில் சந்தித்தவர் அவரே.

ஒரே பணியை இருவரிடம் ஒப்படைப்பது ரூஸ்வெல்டின் வழக்கம். வேலைவாய்ப்புப் பணிகளில் உள்துறைச் செயலர் ஹெரால்டு இக்கிஸ் ஒருபக்கம், ஹாப்கின்ஸ் மறுபக்கம்; இருவரும் நிதிக்காக மோதினர். வெளியுறவுத் துறையில் செயலர் கார்டெல் ஹல்லைத் தாண்டி, அவருக்குக் கீழிருந்த சம்னர் வெல்ஸிடம் அதிபர் நேரடியாகப் பேசினார். இதனால் ஒரே பொருள் பற்றி இரு வழியாகச் செய்தி வந்தது. எந்த அதிகாரியும் உண்மையை மறைக்க முடியவில்லை. இறுதி முடிவு எப்போதும் அதிபரிடமே வந்து சேர்ந்தது. ஆனால் மனத்தாங்கலும் கால விரயமும் மிகுந்தன. 1943-இல் வெல்ஸ் பதவி விலக நேர்ந்ததற்கு இந்தப் பகையும் ஒரு காரணம்.

பணிச்சுமை கூடியபோது, அதிபருக்கு உதவி தேவை என்று பிரவுன்லோ குழு 1937-இல் பரிந்துரைத்தது. அதன் விளைவாக 1939-இல் அதிபரின் செயலாட்சி அலுவலகம் நிறுவப்பட்டது. இன்று வெள்ளை மாளிகையைச் சூழ்ந்திருக்கும் பெரிய நிர்வாக அமைப்பின் தொடக்கம் அதுவே.

ஆலோசனை தவறிய இடங்கள்

நெருக்கமான ஆலோசகர்கள் இருந்தும் ரூஸ்வெல்ட் தவறிய இடங்கள் உண்டு. 1937 பிப்ரவரி 5-இல் உச்ச நீதிமன்றத்தில் ஆறு நீதிபதிகள் வரை கூடுதலாக நியமிக்கும் திட்டத்தை அறிவித்தார். தலைமை வழக்கறிஞர் ஹோமர் கம்மிங்ஸ் உள்ளிட்ட மிகச் சிலரைத் தவிர வேறு யாருக்கும் அது முன்கூட்டித் தெரியாது. அமைச்சர்களும் காங்கிரஸ் தலைவர்களும் அறிவிப்பு நாளன்றே அறிந்தனர். தேர்தலில் மாபெரும் வெற்றி பெற்றிருந்தும், சொந்தக் கட்சியினரே எதிர்த்ததால் அத்திட்டம் ஜூலையில் வீழ்ந்தது. மறுத்துப் பேசும் ஹவ் அப்போது உயிருடன் இல்லை.

மறுத்துப் பேசுபவர் இருந்தாலும் கேட்கப்படாத நேரமும் உண்டு. 1942 பிப்ரவரி 19-இல் பிறப்பித்த 9066-ஆம் எண் ஆணையால் ஜப்பானிய வம்சாவளியினர் ஏறத்தாழ 1,20,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களில் அடைக்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் அமெரிக்கக் குடிமக்கள். அப்போதைய தலைமை வழக்கறிஞர் பிரான்சிஸ் பிடில் இதை ஏற்கவில்லை. அதிபர் இராணுவத்தின் பக்கமே நின்றார்.

இந்தியா தொடர்பான ஒரு நிகழ்வும் இங்கே குறிப்பிடத்தக்கது. 1943-இல் ரூஸ்வெல்டின் தனித் தூதராக இந்தியா வந்த வில்லியம் பிலிப்ஸ், சிறையிலிருந்த காந்தியைச் சந்திக்க அனுமதி கேட்டார். ஆங்கில அரசு மறுத்தது. பிரிட்டிஷ் ஆட்சி மீது இந்தியர் நம்பிக்கை இழந்துவிட்டனர் என்ற பொருளில் அவர் அதிபருக்குக் கடிதம் எழுதினார். அக்கடிதம் 1944 ஜூலையில் ட்ரூ பியர்சன் என்ற பத்தி எழுத்தாளர் வழியாக வெளியாகி, இரு நாடுகளுக்கிடையே சங்கடத்தை உண்டாக்கியது. செய்தியாளர் சந்திப்பின் விதிகளுக்கு வெளியே நின்ற ஒருவர் வழியாகவே, இந்தியா பற்றி அதிபருக்குச் சொல்லப்பட்ட உண்மையை அமெரிக்க மக்கள் அறிய முடிந்தது.

சொல்லப்படாத செய்திகள்

அதிபர் சக்கர நாற்காலியில் இருப்பதைச் செய்தியாளர்கள் அனைவரும் கண்டனர். அவருக்கு வாதநோய் வந்தது மக்களுக்கும் தெரியும். ஆனால் அவரைத் தூக்கிச் செல்வதையோ நாற்காலியில் தள்ளிச் செல்வதையோ படமெடுப்பதில்லை என்பது எழுதப்படாத ஏற்பாடு. மீறிப் படமெடுத்தால் காவலர் தடுப்பர். அத்தகைய படங்கள் மிகச் சிலவே இன்று கிடைக்கின்றன. உடற்குறையைக் காட்டி ஒருவரை இகழும் காலத்தில் இதை நற்பண்பு என்றும் கொள்ளலாம். 1945 மார்ச் 1-இல்தான் காங்கிரஸில் அமர்ந்தபடி உரையாற்றி, கால்களில் கட்டிய இரும்பின் பாரத்தை அவரே வெளிப்படையாகக் குறிப்பிட்டார்.

அந்த வழக்கம் இன்னும் பெரிய செய்தியையும் மறைக்க உதவியது. 1944 மார்ச் இறுதியில் இதய மருத்துவர் ஹோவர்டு புரூன் சோதித்தபோது உயர் இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் தெரியவந்தன. அதிபரின் மருத்துவர் ராஸ் மெக்கின்டைரோ, வயதுக்கு ஏற்ற நல்ல உடல்நிலை என்றே செய்தியாளர்களிடம் கூறினார். அதே ஆண்டு நவம்பரில் மக்கள் அவரை நான்காம் முறை தேர்ந்தெடுத்தனர். உண்மையான மருத்துவக் குறிப்புகளைப் புரூன் 1970-இல்தான் வெளியிட்டார்.

1945 ஏப்ரல் 12-இல் ஜார்ஜியா மாநிலத்தின் வார்ம் ஸ்பிரிங்ஸ் என்னும் ஊரில் ரூஸ்வெல்ட் மூளை இரத்தக் கசிவால் இறந்தார். துணை அதிபர் ஹாரி ட்ரூமன் பதவிக்கு வந்து 82 நாட்களே ஆகியிருந்தன. அணுகுண்டுத் திட்டத்தைப் பற்றி அவரிடம் அதுவரை யாரும் சொல்லவில்லை. முழு விவரம் ஏப்ரல் 25-இல்தான் தரப்பட்டது. எல்லா இழைகளையும் ஒரே மனிதரின் கையில் வைத்திருந்த ஆட்சி முறையின் ஆபத்து அப்போது வெளிப்பட்டது.

மதிப்பீடு

அமெரிக்க வரலாற்றில் செய்தியாளர்களை இத்தனை முறை சந்தித்த அதிபர் வேறு எவரும் இல்லை. அச்சந்திப்புகளால் மக்களாட்சிக்குக் கிடைத்த பயன் பெரிது. வங்கி நெருக்கடியும் போரும் சாதாரணக் குடிமகனுக்குப் புரியும்படி விளக்கப்பட்டன. நாட்டின் தலைவர் வாரம் இருமுறை கேள்விக்கு முகம் கொடுத்தார். சர்வாதிகாரிகள் பத்திரிகைகளை அடக்கி ஆண்ட அதே பத்தாண்டில் இது நடந்தது என்பதை மறக்கக்கூடாது.

என்றாலும் பலமுறை பேசுவதும் உண்மை முழுவதையும் சொல்வதும் வேறு வேறு. விதிகளை வகுத்தவர் அதிபர். அவற்றைப் பின்பற்றியவர்கள் செய்தியாளர்கள். நட்பு வளர வளர, கேட்கப்பட வேண்டிய கேள்விகள் சில கேட்கப்படாமல் போயின. 1944-இல் வாக்களித்த ஒவ்வொருவருக்கும் அதிபரின் இதயத்தைப் பற்றி அறியும் உரிமை இருந்தது, அது கிடைக்கவில்லை. எந்த நாட்டுத் தலைவரின் செய்தியாளர் சந்திப்பைப் பற்றிப் படித்தாலும், மாணவர்கள் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம்: அந்த அறைக்குள் யார் அனுமதிக்கப்பட்டனர்? விதிகளை யார் வகுத்தார்? அங்கே பேசப்படாதது எது? ரூஸ்வெல்டின் பன்னிரண்டு ஆண்டுகளுக்கும் இதே கேள்விகள் பொருந்தும்.